கேட் கத்தினால் முதலில் மேசையைப் பாருங்கள்

(நம் குடியிருப்போர் நலச்சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் உறுப்பினர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சு நடையைப் பெரும்பாலும் அப்படியே விட்டிருக்கிறோம்.)

குடிதண்ணீர், தெருவிளக்கு, சாக்கடை மூடி எல்லாம் பேசி முடித்து டீயும் வந்துவிட்டது. இந்த நேரத்தில் என்னைப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். ஆறுவதற்குள் டீயைக் குடியுங்கள், நான் ஆரம்பிக்கிறேன்.

பெரிய துணிக்கடை, சூப்பர் மார்க்கெட் வாசலில் இரண்டு பக்கமும் ஆள் உயரத்துக்கு நிற்கிற கேட்டை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். அதைப் பொருத்துவதும், பழுது பார்ப்பதும், ட்யூன் செய்வதும்தான் என் பிழைப்பு. இன்றைக்கு நான் சொல்ல வந்தது கேட்டைப் பற்றி அல்ல. பில் போடுகிற மேசை மேல், சில கடைகளில் மேசைக்கு அடியில், ஒரு தட்டையான பலகை இருக்கும். துணியை மடித்துப் பைக்குள் போடுவதற்கு முன்னால் அந்தப் பொண்ணு அதன் மேல் ஒரு தேய்ப்பு தேய்க்கும், பார்த்திருக்கிறீர்களா? அதற்குப் பெயர் டிஆக்டிவேட்டர். கடைக்காரர்கள் ‘பேட்’ என்பார்கள். காசு கட்டிய பொருளில் இருக்கிற திருட்டுத் தடுப்பு லேபிளை வாயடைப்பது அதன் வேலை.

இதை ஏன் நலச்சங்கக் கூட்டத்தில் பேச வேண்டும் என்று கேட்கலாம். நம் தெருவிலேயே ஒரு அம்மா, பேத்தியின் மஞ்சள் நீராட்டுக்குப் புடவை எடுக்கப் போனார். பணம் கட்டி, பில் வாங்கி, பையைத் தூக்கிக்கொண்டு வெளியே வரும்போது கேட் கத்திவிட்டது. காவலுக்கு நின்ற தம்பி கையை நீட்டி மறித்தார். பின்னால் இருந்த ஐம்பது பேர் திரும்பிப் பார்த்தார்கள். பையைக் கொட்டி, பில்லோடு ஒப்பிட்டு, எல்லாம் சரி என்று சொல்லி அனுப்ப இருபது நிமிஷம். எந்தக் கடை, எந்த ஊர் என்பது இங்கே வேண்டாம். “இனிமே அந்த மாதிரி கடைப் படி ஏற மாட்டேன், எங்க உளுந்தூர்பேட்டை பழைய கடையே போதும்” என்று அந்த அம்மா சொன்னார். அந்தக் கடையைவிட அந்தப் பேட் பற்றித்தான் எனக்கு அப்போது நினைப்பு ஓடியது.

இந்தத் தொழில் எங்கே ஆரம்பித்தது என்பதை இரண்டு வரியில் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவில் ஒகையோ மாநிலம், ஆக்ரன் என்ற ஊர். அங்கே மளிகைக் கடை மேனேஜராக இருந்தவர் ரொனால்ட் அசாஃப். ஒயின் பாட்டிலைத் தூக்கிக்கொண்டு ஓடிய திருடனைத் துரத்திப் பிடிக்க முடியாத கோபத்தில், இதற்கு ஒரு கருவி கண்டுபிடிப்பவன் பணக்காரன் ஆவான் என்றாராம். அவரே 1966இல் சென்சார்மேட்டிக் என்ற கம்பெனி தொடங்கினார். இன்றைக்கு நம் பக்கத்துக் கடைகளிலும் அந்தப் பெயர் போட்ட கேட்டைப் பார்க்கலாம்.

இப்போது லேபிளுக்கு வருகிறேன். இரண்டு ஜாதி இருக்கிறது. இது புரியாமல் வாங்கி மாட்டிக்கொண்ட சிறு கடைக்காரர்கள் நிறையப் பேர்.

முதல் ஜாதி ஏ.எம். என்பது. சின்னப் பிளாஸ்டிக் குச்சி மாதிரி, விரல் நீளம்கூட வராது, கொஞ்சம் தடிமனாக இருக்கும். உள்ளே ஒரு சின்னப் பள்ளம். அதில் மெல்லிய உலோக ரிப்பன் ஒட்டாமல் சும்மா கிடக்கும். சாதாரண உலோகம் இல்லை. உருக்கி, கண் இமைக்கும் நேரத்தில் குளிர வைத்து, கண்ணாடி போல ஒழுங்கில்லாத அணு அமைப்போடு செய்தது. பக்கத்தில் ஒரு காந்தத் துண்டு. கேட்டிலிருந்து 58 கிலோஹெர்ட்ஸில் ஒரு துடிப்பு வரும்போது இந்த ரிப்பன் நீண்டு சுருங்கி அதிரும். விநாடிக்கு 58,000 தடவை. கேட் அடித்துவிட்டுச் சும்மா இருந்து காது கொடுத்துக் கேட்கும். கோயில் மணியை அடித்துவிட்டுக் கையை எடுத்தால் ரீங்காரம் நிற்காமல் ஓடுமே, அதே கதைதான். அடித்த கேட் அமைதியான பிறகும் ரிப்பன் பாடிக்கொண்டிருக்கும். அந்த ரீங்காரம் காதில் விழுந்தால் பீப்.

இதை வாயடைப்பது எப்படி? ரிப்பனை உடைப்பதில்லை. பக்கத்தில் இருக்கிற காந்தத் துண்டின் காந்தத்தைப் பேட் எடுத்துவிடும். முன்னும் பின்னும் மாறி மாறி அடித்து, படிப்படியாகத் தேய்ந்து அடங்குகிற காந்தப் புலம் அதற்கு வேண்டும். காந்தம் போனதும் ரிப்பனின் சுருதி மாறிவிடும். பாடும், ஆனால் 58இல் பாடாது. கேட்டுக்கு வேறு சுருதி காதில் ஏறாது. இதை நன்றாக நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். லேபிள் சாகவில்லை, சுருதி தப்பியிருக்கிறது. சுருதி முழுசாகத் தப்பவில்லை என்றால், அதாவது பேட் அரைகுறையாக அடித்திருந்தால், கேட்டில் ஒரு சமயம் கத்தும், ஒரு சமயம் கத்தாது. புடவை எடுத்த அந்த அம்மாவுக்கு நடந்தது இந்த ரகமாகத்தான் இருக்கும். “நாலு தடவை போய் வந்தாங்க, ரெண்டு தடவைதான் கத்துச்சு” என்று கூட இருந்தவர்கள் சொன்னார்கள்.

இரண்டாவது ஜாதி ஆர்.எஃப். சதுர ஸ்டிக்கர், பின்னால் பிரித்துப் பார்த்தால் கோலம் மாதிரி சுற்றிச் சுற்றி அலுமினியக் கம்பி. இது 8.2 மெகாஹெர்ட்ஸ். அந்தச் சுருளோடு ஒரு சின்னக் கெப்பாசிட்டர் சேர்ந்திருக்கும். அதில் ஓர் இடத்தில் மட்டும் நடுவில் இருக்கும் படலத்தை வேண்டுமென்றே மெல்லியதாக அழுத்தி வைத்திருப்பார்கள். பேட் பலமாக அடித்தால் அந்த இடம் பொத்துக்கொண்டு இரண்டு பக்க உலோகமும் தொட்டுக்கொள்ளும், லேபிள் ஊமையாகிவிடும். இதிலும் ஒரு கோளாறு உண்டு. தொட்டுக்கொண்ட அந்த இடம் ஊசி முனை அளவுதான். சட்டையை மடக்கி, நெளித்து, உட்கார்ந்து எழுந்தால் சில சமயம் தொடர்பு அறுந்து லேபிள் மறுபடி உயிர் பெற்றுவிடும். காலையில் வாங்கிய சட்டையைப் போட்டுக்கொண்டு சாயந்தரம் அதே கடைக்குள் நுழைந்தால் கத்தும். திருடியதற்காகக் கத்தவில்லை.

சட்டையில் குத்தி வைத்திருக்கும் பெரிய பிளாஸ்டிக் கொட்டை, அதாவது ஹார்ட் டேக், பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றும் இல்லை. அதைக் காந்தக் கொக்கி வைத்துக் கழற்றி எடுத்து வைத்துக்கொள்வார்கள். கழற்ற மறந்தால் உங்களுக்கே கண்ணில் படும்.

இந்த இரண்டு ஜாதிக்கும் கொள்வினை கொடுப்பினை கிடையாது. ஏ.எம். கேட்டில் ஆர்.எஃப். ஸ்டிக்கர் கத்தாது, ஆர்.எஃப். பேடால் ஏ.எம். லேபிளை வாயடைக்க முடியாது. கடை வைத்திருக்கிற அண்ணன்மார்கள் கேட்டை ஒரு இடத்திலும், லேபிளை ஆன்லைனில் மலிவாகக் கிடைக்கிறது என்று வேறு இடத்திலும் வாங்கினால், முதலில் எண்ணைப் பாருங்கள். 58ஆ, 8.2ஆ. பெட்டியிலேயே போட்டிருக்கும்.

பொருத்துகிற இடத்துக்கு வருவோம். பேட் ஒரு அடுப்பு மாதிரி. மேலே நான்கைந்து அங்குலம் வரைதான் அதன் சூடு. அதற்கு மேல் தூக்கிப் பிடித்தால் லேபிளுக்கு ஒன்றும் உறைக்காது. கடை மேசையின் மேல் கிரானைட் கல் போட்டிருப்பார்கள். கல் தொந்தரவு இல்லை. கல்லுக்கு அடியில் இரும்பு ஆங்கிள் சட்டம் இருக்கிறதே, அதுதான் எமன். பக்கத்தில் இரும்பு இருந்தால் பேடின் பலத்தை அது தின்றுவிடும். நான் போகிற இடத்தில் முதலில் மேசைக்கு அடியில் குனிந்து பார்ப்பேன். முதலாளிகளுக்கு நான் ஏன் தரையில் படுக்கிறேன் என்று புரியாது. சட்டத்தைத் தள்ளி வைத்து, நடுவில் பிளைவுட் பலகை கொடுத்து அதில் பேடை இறக்கினால்தான் முழு பலமும் மேலே வரும். ஒரு கடையில் எல்லாம் சரியாகப் போட்டுக் கொடுத்தாயிற்று. மூன்று மாதம் கழித்து “வேலை செய்யலை” என்று போன். போய்ப் பார்த்தால் பேட் மேல் ஒரு எவர்சில்வர் தட்டு, அதில் சில்லறைக் காசும் சாமிக்கு வைத்த பூவும். தட்டை எடுத்ததும் வேலை முடிந்தது. போக்குவரத்துச் செலவுக்குத்தான் பில் போட்டேன்.

கார்டு தேய்க்கிற மிஷின், கம்ப்யூட்டர் பெட்டி இதெல்லாம் பேடை ஒட்டி இருக்கக் கூடாது. நம் ஏ.டி.எம். கார்டின் பின்னால் கறுப்புக் கோடு இருக்கிறதே, அது காந்தக் கோடு. ஏ.எம். பேட் மேல் கார்டைப் போட்டு வைத்தால் அழிந்து போகலாம். நீங்களும் பில் போடும் மேசையில் பர்ஸை எங்கே வைக்கிறீர்கள் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

ட்யூனிங் என்றால் திருகாணியைத் திருகுவது என்று நினைப்பார்கள். பாதி வேலை அமைதி தேடுவதுதான். கடையை மூடச் சொல்லி எல்லா லைட்டையும் ஏ.சி.யையும் அணைத்துவிட்டு, கேட்டின் ரிசீவரில் இரைச்சல் எவ்வளவு என்று மீட்டரில் பார்ப்பேன். பிறகு ஒவ்வொரு சுவிட்சாகப் போட்டுக்கொண்டே வருவேன். ஏதாவது ஒரு எல்.இ.டி. ட்யூப்பின் மலிவு டிரைவரோ, விளம்பரப் பலகையின் பவர் சப்ளையோ போட்டதும் இரைச்சல் குபுக்கென்று ஏறும். அதை மாற்றச் சொல்வேன். முந்நூறு ரூபாய் ட்யூப் லைட்டை மாற்ற மனசு வராமல், “நீங்க சென்சிடிவிட்டியை ஏத்தி வையுங்க” என்பார்கள். ஏற்றி வைத்தால் காற்றடித்தால்கூட கேட் கத்தும், அதற்குப் பெயர் பாதுகாப்பு இல்லை.

நம் ஊர்ப் பக்கம் இன்னொரு தலைவலி, கரண்ட். ஏ.எம். கேட் எப்போது அடிக்க வேண்டும், எப்போது கேட்க வேண்டும் என்ற தாளத்தை மின்சார லைனிலிருந்தே எடுத்துக்கொள்கிறது. நம் 50 ஹெர்ட்ஸ்தான் அதற்குத் தாளக்கட்டை. பக்கத்துக் கடையிலும் இதே மாதிரி கேட் இருந்து, அது வேறு பேஸில் ஓடினால், இது கேட்கிற நேரத்தில் அது அடிக்கும். இதற்குக் காது செவிடாகும், இல்லையென்றால் வெறுமனே கத்தும். அப்போது இரண்டு கேட்டின் நேரத்தையும் ஒத்துப்போகும்படி அமைக்க வேண்டும். அதற்கு இரண்டு முதலாளிகளும் ஒருவருக்கொருவர் பேச வேண்டும், அதுதான் தொழில்நுட்பத்தைவிடக் கஷ்டம். கரண்ட் போய் மலிவு இன்வெர்ட்டரில் ஓடும்போது தாளம் கெட்டு, கேட் தாறுமாறாகக் கத்துவதைப் பல கடையில் பார்த்திருக்கிறேன். அதனால் நான் சோதனையை மூன்று முறை செய்வேன்: லைனில், இன்வெர்ட்டரில், ஜெனரேட்டரில்.

பேடுக்கு என் சோதனை சாதாரணமானது. பத்து புது லேபிள். ஒன்றைப் படுக்க வைத்து, ஒன்றை நிமிர்த்தி, ஒன்றைக் குறுக்கே, ஒன்றை மெதுவாக, ஒன்றை வேகமாக என்று பேட் மேல் கொண்டுபோவேன். பிறகு பத்தையும் ஒவ்வொன்றாகக் கேட்டின் நடுவில் கொண்டுபோவேன். ஒன்று கத்தினாலும் பேட் தேறவில்லை. இதில் பெரும்பாலும் மாட்டுவது வேகம்தான். ஒரு முறை அடித்த பிறகு, அடுத்த அடிக்கு உள்ளே இருக்கும் கெப்பாசிட்டர்கள் மறுபடி சார்ஜ் ஏற வேண்டும். அதற்குச் சிறிது நேரம் ஆகும். தீபாவளிக் கூட்டத்தில் அந்தப் பொண்ணு மூன்று சட்டையை ஒரே வீச்சில் இழுத்தால் முதலாவதுக்கு மட்டும் அடி விழும், மற்ற இரண்டும் பாடிக்கொண்டே பைக்குள் போகும். விளக்கு எரிந்த பிறகு அடுத்ததை இழு என்று சொல்லிக் கொடுத்தால் போதும். அதைச் சொல்லிக் கொடுக்க ஆள் இல்லாமல், கத்தினதற்கு அந்தப் பொண்ணைத் திட்டுகிற முதலாளிகள்தான் அதிகம். நம் ஊர்ப் பிள்ளைகளும் அந்த மேசைகளில் வேலை செய்கிறார்கள், அதனால் சொல்கிறேன்.

இன்னொன்று. 2021இல் தமிழ்நாடு அரசு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி, கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை கொடுக்க வேண்டும் என்று கொண்டுவந்தது. கேரளா அதற்கு முன்பே செய்துவிட்டது. நல்ல சட்டம். ஆனால் நின்றுகொண்டு பில் போட்டபோது இருந்த கை உயரம் உட்கார்ந்தால் மாறிவிடும். நின்றபோது பேடை உரசிப் போன துணி, உட்கார்ந்தபோது ஒரு சாண் மேலே பறக்கும். நாற்காலி போட்ட கடையில் பேடின் இடத்தையும் மாற்ற வேண்டும். உட்கார வைத்தே சோதிக்க வேண்டும். நாற்காலியைத் தூக்கிப் போட்டுவிட்டுப் பழையபடி நிற்கச் சொல்வது தீர்வு இல்லை.

சரி, எல்லாம் ஒழுங்காகச் செய்த கடையிலும் ஒருநாள் கேட் கத்தும். சென்னையில் வாங்கிய ஷேவிங் பிளேடு பாக்கெட்டிலோ, ஜீன்ஸ் உள்தையலிலோ தொழிற்சாலையிலேயே லேபிள் வைத்து அனுப்புகிறார்கள். விற்ற கடையில் பேட் இல்லை என்றால் அது உயிரோடுதான் உங்கள் பையில் இருக்கும். விழுப்புரத்தில் வேறு கடைக்குள் நுழையும்போதே கத்தும். பேடில் வாயடைத்த ஏ.எம். லேபிளும், கைப்பையின் காந்தப் பொத்தானை ஒட்டியே கிடந்தால் திரும்பக் காந்தம் ஏற வாய்ப்பு உண்டு. உள்ளே வரும்போதே கத்தினால் அங்கேயே நின்று, என்ன வைத்திருக்கிறேன் என்று காட்டிவிட்டுப் போங்கள். வெளியே வரும்போது வாக்குவாதம் மிச்சம்.

கத்தினால் யார் என்ன செய்யலாம்? நான் வக்கீல் இல்லை. ஆனாலும் இந்தத் தொழிலில் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. 2024 ஜூலை 1 முதல் அமலில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவில் 126ஆம் பிரிவு, போக உரிமை உள்ள வழியில் ஒருவரைப் போகவிடாமல் மறிப்பதைக் குற்றம் என்கிறது. அடுத்த பிரிவு அடைத்து வைப்பது. பீப் என்பது ஒரு சத்தம். பொருள் யாருடையது என்று அதற்குத் தெரியாது. கடைக்காரர் “மன்னிக்கணும் அம்மா, மேசையில சரியா அடிக்கலை போல, பில்லைக் கொஞ்சம் காட்டுறீங்களா” என்று கேட்கலாம். நாமும் காட்டலாம். உடம்பைத் தடவுவது, பையைக் கொட்டுவது, உள்ளறைக்கு அழைத்துப் போவது, இதற்கெல்லாம் காவல் தம்பிக்கு அதிகாரம் கிடையாது.

நம் ஊர்க்காரர்களுக்கு இதைப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. திருநாவலூரில் பிறந்த சுந்தரரைப் புத்தூர்க் கல்யாணப் பந்தலில் ஒரு கிழவர் மறித்தார் அல்லவா? கூட்டத்துக்கு நடுவில், நீ என் அடிமை என்றார். சுந்தரர் ஓலையைப் பிடுங்கிக் கிழித்தே விட்டார். பிறகு என்ன நடந்தது? திருவெண்ணெய்நல்லூர் சபைக்குப் போனார்கள். கிழவர்தான் மூல ஓலையை எடுத்துக் கொடுத்தார். பாட்டனார் கையெழுத்தைப் பழைய ஓலைகளோடு ஒப்பிட்டுப் பார்த்துத்தான் சபை தீர்ப்புச் சொன்னது. மறித்தவர் ஆண்டவனே ஆனாலும் ஆதாரம் அவர்தான் காட்டினார். கேட்டுக்கு அந்தச் சலுகை எதற்கு?

கடைசியாக உடம்பு சம்பந்தப்பட்ட ஒரு விஷயம். ஜிப்மர் போய்ப் பேஸ்மேக்கர் வைத்துக்கொண்டு வந்த பெரியவர்கள் நம் சங்கத்திலும் இருக்கிறார்கள். இந்தக் கேட்டுகளின் புலம் பேஸ்மேக்கரைக் குழப்பக்கூடும் என்று 1998இலேயே அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. மருத்துவர்களுக்கு அறிவிப்பு அனுப்பியது. பயப்பட வேண்டாம். சாதாரண நடையில் கேட்டைக் கடந்து போய்விட்டால் போதும். அதில் சாய்ந்துகொண்டு நிற்காதீர்கள், இரண்டு கேட்டுக்கும் நடுவில் நின்று மருமகளுக்காகக் காத்திருக்காதீர்கள். பில் போடும் மேசையில் நெஞ்சை பேட் மேல் சாய்த்துக் குனியாதீர்கள். கடை வைத்திருப்பவர்கள் தயவுசெய்து கேட்டை ஒட்டி நாற்காலி போடாதீர்கள். வயசானவர்கள் உட்காரட்டும் என்று நல்ல மனசோடுதான் போடுகிறீர்கள். நாலு அடி தள்ளிப் போடுங்கள்.

பையில் இரண்டு ஜாதி லேபிளும் கொஞ்சம் கொண்டு வந்திருக்கிறேன். ஏ.எம். லேபிள் ஒன்றைப் பிரித்து ரிப்பனையும் காட்டுகிறேன், பிள்ளைகளுக்குப் பிடிக்கும். கடைக்காரர்கள் யாராவது உங்கள் மேசையைப் பார்க்க வேண்டும் என்றால் ஞாயிற்றுக்கிழமை கடை திறப்பதற்கு முன்னால் வருகிறேன். மேசைக்கு அடியில் இருக்கிற அட்டைப் பெட்டிகளை மட்டும் முன்கூட்டியே எடுத்து வையுங்கள்.